குழந்தைக்கு டயப்பரை நிறுத்திப் பாத்ரூம் பழக்க நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் மகனுக்கு இரண்டே கால் வயது. நனைத்த பிறகு வந்து டயப்பரை இழுத்துக் காட்டுகிறான், முன்னால் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றரை வயதிலேயே பழகிவிட்டது. இவனுக்கு இப்போது ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அவசரப்பட்டு மாட்டிக்கொண்டவள். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் மகளுக்கு அப்போது 20 மாதம். ப்ளே ஸ்கூலில் கேட்கப் போனால், "டயப்பரோட சேர்க்க மாட்டோம், பழக்கிட்டுக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். வீட்டில் அம்மா, "உன்னையெல்லாம் ஒரு வயசுலயே பழக்கிட்டேன்" என்றாள். அன்றைக்கே கடைக்குக் கிளம்பினோம். "பாட்டி வாங்கப் போறோம்" என்றதும், ஊரிலிருந்து இன்னொரு பாட்டி வருகிறாள் என்று நினைத்துக் குழந்தை குதித்தாள். வந்து சேர்ந்ததோ வாத்து மூஞ்சி வைத்த சிவப்புப் பிளாஸ்டிக் பாட்டி (potty), குழந்தை உட்கார்ந்து ஆய், உச்சா போகும் குட்டி இருக்கை.

அரை மணிக்கு ஒரு தடவை உட்கார வைத்தேன். பத்து நிமிஷம் சமத்தாக உட்கார்ந்து பாட்டுப் பாடுவாள். எழுந்து இரண்டு எட்டு வைப்பாள், பாய் நனைந்துவிடும். நான்காம் நாள் நான் கத்திவிட்டேன். அதற்கப்புறம் அவள் ஆய் போவதையே நிறுத்திவிட்டாள். இரண்டு நாள், மூன்று நாள். சோபாவைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்பாள், காலைப் பின்னிக்கொள்வாள், முகம் சிவக்கும். பாவம், முக்குகிறாள் என்று நினைத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "முக்கல, அடக்குறா" என்றார்.

அடக்க அடக்கக் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மலம் கல்லாகும். கல்லானால் போகும்போது வலிக்கும். வலித்த குழந்தை அடுத்த தடவை இன்னும் அடக்கும். நிறைந்த குடல் மூத்திரப்பையை அழுத்துவதால் உச்சாவும் அடிக்கடி தப்பும். சில பிள்ளைகளுக்கு அந்தக் கெட்டி மலத்தைச் சுற்றித் தண்ணியாகக் கசிந்து ஜட்டியில் படும். நாம் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிடுவோம். எங்களுக்கு மலம் இளக சிரப் கொடுத்தார், லிட்டர் கணக்கில் போய்க்கொண்டிருந்த பாலைக் குறைக்கச் சொன்னார், வாத்தைப் பரணில் ஏற்றச் சொன்னார். வேறு ப்ளே ஸ்கூலும் பார்த்தோம்.

அம்மா சொன்னது பொய்யில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் குழந்தையை வைத்து "ஸ்ஸ்ஸ்" என்பார்களே, அது வேலை செய்யும். தூங்கி எழுந்ததும் மூத்திரப்பை நிறைந்திருக்கும், வயிறு நிறைந்ததும் குடல் அசையும். நேரம் பார்த்து வைத்தால் போய்விடும். ஆனால் அதில் நேரத்தைத் தெரிந்துவைத்திருப்பது அம்மா. குழந்தைக்கே தெரிந்து, அடக்கி, நடந்து போய் உட்காருவது வேறு சங்கதி. பக்கத்து வீட்டுக் கதை இதில் எந்த ரகம் என்று விசாரித்துப் பாருங்கள்.

பிரேசில்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் தன்னிடம் வந்த 1,170 குழந்தைகளைப் பற்றி 1962-இல் எழுதியிருக்கிறார். 18 மாதத்துக்குப் பிறகு, குழந்தை ஆர்வம் காட்டுவதைப் பார்த்துப் பழக்கியதில், பகலில் பழகி முடித்த சராசரி வயது 28 மாதத்தை ஒட்டி வந்தது. சராசரிதான், முன்பின் இருக்கும்.

நான் பார்த்தவரை, குழந்தை மூன்று படி ஏறுகிறது. முதலில், போன பிறகு சொல்லும். அடுத்து, போகும்போதே விளையாட்டை நிறுத்தி அப்படியே நிற்கும், அல்லது ஒளியும். கடைசியில்தான் வருவதற்கு முன்னால் சொல்லும். மூன்றாவது படிவரை காத்திருக்க வேண்டாம், இரண்டாவது போதும். என் மகள் 29 மாதத்தில் பீரோவுக்குப் பின்னால் போய் நிற்க ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தால் "போ! போ!" என்று விரட்டுவாள். வரப்போவது தெரிந்ததால்தானே இடம் தேடுகிறாள்? வாத்தைப் பரணிலிருந்து இறக்கி, அந்தப் பீரோவுக்குப் பின்னாலேயே வைத்தேன். மூன்றாம் நாள் அதில் போனாள். அதற்கப்புறம் வாத்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பாத்ரூம் போய்ச் சேர ஒரு மாதம் ஆனது.

கூடவே பார்க்க வேண்டியவை: இரண்டு மணி நேரம் டயப்பர் காய்ந்திருக்கிறதா, மதியத் தூக்கத்திலிருந்து காய்ந்தே எழுகிறானா, எலாஸ்டிக் ஜட்டியைத் தானே இறக்குகிறானா, "அந்தப் பந்தை எடுத்துட்டு வா" என்றால் செய்கிறானா. அப்புறம் வார்த்தை. எங்கள் வீட்டில் நான் பாத்ரூம் என்பேன், அம்மா ஒண்ணுக்கு, அவர் உச்சா, ப்ளே ஸ்கூல் ஆயாம்மா சுச்சு. குழந்தை எதைச் சொல்லும்? எல்லாரும் ஒரே சொல்லுக்கு வாருங்கள். தம்பி தங்கை பிறந்த சமயம், வீடு மாறும் சமயம், காய்ச்சல் சமயம் எல்லாம் வேண்டாம்.

வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார வைத்தால் கால் தொங்கக் கூடாது. பாதத்துக்கு அடியில் ஒரு குட்டி ஸ்டூல் போடுங்கள், ஊன்றினால்தான் முக்க வரும். இந்தியன் டாய்லெட் குழியைப் பார்த்துப் பயந்தால் வற்புறுத்தாதீர்கள்.

ராத்திரியை இதோடு சேர்க்காதீர்கள். அது உடம்பு தானாக முதிர்ந்து வருவது. ஐந்து வயதுவரை படுக்கை நனைந்தால் கவலை வேண்டாம், ரப்பர் ஷீட் போதும். ஆனால் போகும்போது வலித்து அழுதாலோ, ரத்தம் தெரிந்தாலோ, நன்றாகப் பழகியவன் திடீரென்று மறுபடி நனைத்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

உங்கள் மகன் முதல் படியில் நிற்கிறான். பாட்டியை வாங்கிக் கூடத்தில் சும்மா போட்டு வையுங்கள், பொம்மையை உட்கார வைத்து விளையாடட்டும். ஒரு வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டயப்பரைத் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மலம் கெட்டியாகப் போகிறது என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஒருநாள் அவன் சத்தமில்லாமல் கதவுக்குப் பின்னால் போவான், அன்றைக்கு ஆரம்பியுங்கள்.