பழகிட்டாங்கன்னு யார் சொன்னது?

கேள்வி: மேடம், எனக்கு 44 வயசு, ஈரோட்டுல சின்னதா ஜவுளிக்கடை வச்சிருக்கேன். பல்லு தேய்க்கறப்ப ரத்தம் வருது, வாய் நாத்தம் வேற, கீழ முன்பல்லு ரெண்டு லேசா ஆடுது. டாக்டர் ஈறு நோய்னு சொல்லி டீப் க்ளீனிங் பண்ணணும், தேவைப்பட்டா ஈறுல ஆபரேஷன்னும் சொல்லிட்டார். ரொம்ப வலிக்குமா? க்ளீன் பண்ணா பல்லு இன்னும் ஆடும்ங்கறாங்களே நிஜமா? கடைக்கு எத்தன நாள் லீவு விடணும்? எங்கம்மாவுக்கும் இதே பிரச்சனதான், சுகர் வேற இருக்கு, ஆனா 68 வயசாச்சு, ரசஞ்சாதத்த கரைச்சு சாப்டு பழகிட்டாங்க. எனக்குதான் பயமா இருக்கு.

பதில்: தம்பி, உங்க பல்லுக்கு அப்புறம் வர்றேன். அம்மா பழகிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அவங்ககிட்ட கேட்டுட்டு எழுதினீங்களா? ரெண்டு பல்லு லேசா ஆடறதுக்கே உங்களுக்கு தூக்கம் போகுது, அதே நோய் முத்திப்போய் கடிச்சு சாப்பிட முடியாத ஒரு பொம்பளைக்கு மட்டும் வயசாச்சுங்கற ஒரு வார்த்தைல கணக்க முடிச்சுட்டீங்க. எனக்கு வர்ற பல்லு சம்பந்தப்பட்ட லெட்டர்ல பாதில இப்படி ஒரு அம்மாவோ மாமியாரோ ஓரமா உக்காந்திருக்காங்க, எல்லாரும் "பழகிட்டாங்க".

அவங்க சாப்பாட்ட யோசிச்சுப் பாருங்க. மெல்ல முடியலன்னா மொதல்ல தட்டுலேர்ந்து போறது காய், கீரை, சுண்டல், கடலை, கறி. மிஞ்சறது கொழகொழன்னு பெசஞ்ச சோறு. சுகர் இருக்கறவங்களுக்கு மூணு வேளையும் அதான்னா சுகர் எப்படிங்க அடங்கும்? சுகர் அடங்கலன்னா ஈறு இன்னும் கெடும், ஈறுல புண்ணும் சீழும் இருந்தா சுகரும் சீக்கிரம் கட்டுக்குள்ள வராது, ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்து விடுது. ஈறு நோய்க்கு ஒழுங்கா வைத்தியம் பாத்தவங்களுக்கு மூணு மாச சராசரி சுகர் கொஞ்சமாவது எறங்குதுன்னு ஆராய்ச்சிகள்ல திரும்பத் திரும்ப பாத்திருக்காங்க. மாத்திரைய நிறுத்தற அளவுக்கு எறங்காது, ஆனா 68 வயசு உடம்புக்கு அதுவும் பெரிய உதவிதான். இந்த வைத்தியத்துக்கு வயசு தடையே இல்ல.

சரி, உங்க கேள்விக்கு வருவோம், அவங்களுக்கும் இதேதான் நடக்கப்போகுது. மெல்லிசா அளவு போட்ட ஒரு கம்பிய பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விட்டு ஒவ்வொரு பல்லா சுத்தி அளப்பாங்க, 3 மில்லிமீட்டர் வரைக்கும் சரி, அதுக்கு மேல போனா ஈறு பல்ல விட்டு பிரிஞ்சு பை மாதிரி ஆயிடுச்சுன்னு அர்த்தம், எலும்பு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு எக்ஸ்ரேல தெரியும். அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடில வேர் மேல ஒட்டியிருக்கற காரைய சுரண்டி எடுப்பாங்க, பெரும்பாலும் ரெண்டு மூணு தடவையா வரச்சொல்லுவாங்க. ஊசி போடறப்ப சுருக்குங்கும், பண்றப்ப வலி பெருசா தெரியாது, ரெண்டு மூணு நாள் ஈறு வலிக்கும், பச்சத்தண்ணி பட்டா சில வாரம் கூசும். கடைக்கு லீவெல்லாம் வேணாம்.

பல்லு ஆடும்ங்கறது என்னன்னா, வீங்கியிருந்த ஈறு வத்தி சுருங்கும், அதுவரைக்கும் சந்துல அடைச்சிட்டிருந்த காரையும் போயிடும், அதனால பல்லு நீளமா தெரியும், நடுவுல இடைவெளி விழும். அது நோய் ஏற்கனவே தின்னுட்டுப் போன இடம், க்ளீனிங் பண்ணினது இல்ல. கரைஞ்ச எலும்பு பெரும்பாலும் திரும்ப வராதுங்க, இனிமே கரையாம நிறுத்தறதுக்குதான் இந்த வைத்தியம், லேசா ஆடற பல்லு பல பேருக்கு ஓரளவு இறுகும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப அளந்து பாத்து, அப்பவும் ஆழமா இருக்கற இடத்துக்கு மட்டும்தான் ஈற திறந்து சுத்தம் பண்ணி தையல் போடுவாங்க, அதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு போதும். அதுக்கப்புறம் மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா போய் காட்டணும், ராத்திரியும் பல்லு தேய்க்கணும், பல்லு சந்துக்குன்னு இருக்கற குட்டி பிரஷ் வாங்கணும். ரத்தம் வருதேன்னு அந்த எடத்த தேய்க்காம விடாதீங்க. சிகரெட், ஹான்ஸ் ஏதாவது இருந்தா விட்டுடுங்க, இருக்கற வரைக்கும் ஈறு ஒழுங்கா ஆறாது.

செலவு ரெண்டு பேருக்கும் சேத்து இடிக்குதுன்னா பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்க, வெளிய விட கம்மியாதான் ஆகும். அம்மாவுக்கு சில பல்லு காப்பாத்த முடியாத நிலைல இருக்கலாம், எத வச்சுக்கறது எத எடுத்துட்டு செட்டு போடறதுன்னு டாக்டர் பாத்து சொல்லட்டும், நீங்களா முடிவு பண்ணாதீங்க. பெத்து சோறு ஊட்டினவங்க மென்னு சாப்பிட முடியாம இருக்கறப்ப மகன் தனக்கு மட்டும் டாக்டர பாத்துட்டு வர்றத எந்த நியாயத்துலயும் என்னால ஒத்துக்க முடியாது.

வர்ற வாரமே காலை நேரமா ரெண்டு பேருக்கும் சேத்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க. அம்மா டிபன் சாப்பிட்டு சுகர் மாத்திரையும் போட்டுட்டு வரணும், வெறும் வயித்தோட கூட்டிட்டுப் போகாதீங்க. கடைசியா எடுத்த சுகர் ரிப்போர்ட், அவங்க போடற எல்லா மாத்திரையோட சீட்டும் கைல இருக்கட்டும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதும் போட்டாங்கன்னா கட்டாயம் சொல்லணும், நீங்களா நிறுத்திடக் கூடாது. எனக்கெதுக்குடா செலவுன்னுதான் சொல்லுவாங்க, அத அப்படியே எடுத்துக்காதீங்க. மொதல்ல அவங்கள காட்டுங்க, அப்புறம் நீங்க உக்காருங்க.