பத்து யார்டா, இருபது யார்டா?

கேள்வி: வணக்கம் சார். பார்சிப்பனியில் 1962-இல் கட்டிய வீட்டைப் போன வருடம் வாங்கினோம். இந்தக் கோடையில் சமையலறையையும் மாடிக் குளியலறையையும் முழுசாக இடித்துப் புதுப்பிக்கப் போகிறோம். இடித்துப் போட்டதை அள்ளிக்கொண்டு போவது உங்கள் பொறுப்பு என்று காண்ட்ராக்டர் கைகழுவிவிட்டார். டம்ப்ஸ்டர் என்கிற பெரிய இரும்புக் குப்பைப் பெட்டியை வாடகைக்குக் கேட்டால் “பத்து யார்டா, இருபது யார்டா?” என்கிறார்கள். மினிவேனில் நாலு நடை அடித்தால் முடிந்தது என்கிறார் என் கணவர். எது சரி? பழைய கேபினெட், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அதிலேயே போட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அம்மா, முதலில் அவரை மினிவேனை மறந்துவிடச் சொல்லுங்கள். நாலு நடையில் உங்கள் குளியலறைத் தரைகூடக் காலியாகாது. வண்டியின் ஸ்பிரிங் வேண்டுமானால் காலியாகும்.

யார்டு என்பது நீளக் கணக்கு இல்லை, கன யார்டு. மூன்றடிக்கு மூன்றடிக்கு மூன்றடி. ஒரு பிக்கப் லாரியின் பின்பக்கம் இரண்டு, மூன்று யார்டு பிடிக்கும். பத்து யார்டு பெட்டி ஏறக்குறைய 12 அடி நீளம், இடுப்புக்குச் சற்று மேல் உயரம். இருபது யார்டு 22 அடி நீளம், நாலரை அடி உயரம். வாடகை வித்தியாசம் பெரிதாக இருக்காது. அங்கேதான் ஏமாந்துபோவோம். நான் போனேன்.

2006-இல் எங்கள் முதல் வீட்டுக் குளியலறையை இடித்தபோது, “கொஞ்சம் கூடக் கொடுத்தால் இரட்டிப்பு இடம்” என்று இருபது யார்டு எடுத்தேன். கட்டட எஸ்டிமேட் போட்டுப் பிழைத்தவன்தான். இருந்தும் சொந்த வீடு என்றதும் புத்தி மழுங்கிவிட்டது. டைலை உடைத்தால் அடியில் இரண்டு அங்குலம் சிமெண்ட் காரை, சுவரில் கம்பி வலை அடித்து அதன்மேலும் காரை. அந்தக் காலத்து வேலை அப்படி. இவ்வளவையும் போட்டும் பெட்டி பாதிகூட நிரம்பவில்லை. சரி, இடம்தான் இருக்கிறதே என்று கராஜில் கிடந்த செங்கல், உடைந்த நடைபாதைக் கல், நனைந்த கார்ப்பெட் எல்லாவற்றையும் தள்ளினேன். இரண்டு நாள் மழை வேறு. ஒரு வாரம் கழித்து பில் வந்தது. வாடகையோடு சேர்ந்தது இரண்டு டன், நான் போட்டது நாலு டன்னுக்கு மேல். போனில் சண்டை போட்டேன். அந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல் எடைச் சீட்டை ஃபேக்ஸ் பண்ணிவிட்டாள். லாரி குப்பைக் கிடங்குக்குள்ளே போனபோது இவ்வளவு, காலியாகத் திரும்பியபோது இவ்வளவு. அப்புறம் நான் என்ன பேச?

அதனால் போன் செய்ததும் “எத்தனை யார்டு” என்று தொடங்காதீர்கள். “வாடகையில் எத்தனை டன் சேர்த்தி, அதற்குமேல் டன்னுக்கு எவ்வளவு?” என்று கேளுங்கள். இந்த ஊரில் டன் என்றால் 2,000 பவுண்டு.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1962 வீட்டின் ஐந்தடிக்கு எட்டடிக் குளியலறை என்றால், காரையோடு தரை மட்டும் 800 பவுண்டு வரும். சுவர் டைலுக்கு அதே அளவு. வார்ப்பிரும்புத் தொட்டி அசலாக இருந்தால் 300 பவுண்டு, சம்மட்டியால் உடைத்துத்தான் இறக்குவார்கள். சமையலறைச் சுவரின் டிரைவால் (ஜிப்சம் பலகை) வழக்கமான அரை அங்குலப் பலகை ஒன்றுக்கு ஐம்பது பவுண்டு, முப்பது பலகை வைத்துக்கொள்ளுங்கள். கிரானைட் மேடை இருந்தால் சதுர அடிக்கு 18 பவுண்டு போல. தரை டைல், சில்லறைச் சாமான் எல்லாம் சேர்த்து மூன்று டன்னைத் தொடும்.

எனவே, இரண்டு அறையையும் ஒரே வாரத்தில் இடிப்பதானால் மூன்று டன் சேர்த்திக் கொடுக்கும் இருபது யார்டு எடுங்கள். குளியலறை இப்போது, சமையலறை அடுத்த மாதம் என்று காண்ட்ராக்டர் இழுத்தால் தனித்தனியாகப் பத்து யார்டு இரண்டு எடுப்பதே மேல். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான் கணக்கு. அதைத் தாண்டினால் நாள் வாடகை ஏறும். உங்கள் காண்ட்ராக்டர் கை கழுவிய விதத்தைப் பார்த்தால் இழுப்பார் என்றுதான் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சமையலறை வினைல் தரைக்கு அடியில் ஒன்பது அங்குலச் சதுர டைல் தட்டுப்பட்டால் சுத்தியலைக் கீழே வைத்துவிடச் சொல்லுங்கள். அந்தக் கால ஒன்பது அங்குல டைலில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது சகஜம். பயிற்சி பெற்றவரை அழைத்து மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆமாம் என்று வந்தால் அது சாதாரண டம்ப்ஸ்டருக்குப் போகக்கூடாது, வேறு உரிமம் உள்ளவர்கள் எடுக்க வேண்டும். 1978-க்கு முந்தைய வீடு என்பதால் பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். குழந்தைகள் இருந்தால் இடிக்கிற வாரம் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஃப்ரிட்ஜைப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் குளிர்பதன வாயுவை முறைப்படி எடுக்காமல் அழிப்பது சட்டப்படி தவறு. புதியதை ஆர்டர் செய்யும்போதே “பழசை எடுத்துப் போவீர்களா?” என்று கேளுங்கள். பெயிண்ட் டின், பேட்டரி, டயர், டியூப்லைட், கேஸ் சிலிண்டரும் கூடாது. கேபினெட் நல்ல நிலையில் இருந்தால் உடைக்காமல் கழற்றி, ஹேபிட்டட் ஃபார் ஹியூமானிட்டி என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் ரீஸ்டோர் கடைக்குக் கொடுங்கள். உடைந்ததென்றால் பலகை பலகையாகப் பிரித்துப் படுக்கப் போடுங்கள். முழு கேபினெட்டாகப் போட்டால் நீங்கள் வாடகை கொடுப்பது உள்ளே இருக்கும் காற்றுக்கு.

பெட்டி இறங்குகிற அன்று யாராவது வீட்டில் இருங்கள். லாரி தன் முதுகைச் சாய்க்கும், பெட்டியின் இரும்பு உருளைகள் டிரைவ்வேயில் உரசிக்கொண்டே இறங்கும். உருளைகள் படும் இரண்டு இடத்திலும் பிளைவுட் போட்டுவைக்காவிட்டால் தாரில் இரண்டு கோடு விழும், துருக்கறையோடு. மேலே மின்கம்பி, மேப்பிள் கிளை இருக்கிறதா என்று முந்தின நாளே அண்ணாந்து பாருங்கள். கதவு வீட்டுப் பக்கம் திறக்கும்படி வைக்கச் சொல்லுங்கள், கனமானதை நடந்தே உள்ளே கொண்டுபோய் வைக்கலாம். விளிம்புக்கு மேல் குவித்தால் டிரைவர் தொடமாட்டார். தெருவில்தான் வைக்க வேண்டும் என்றால் டவுன்ஷிப் அனுமதி வேண்டும்.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார், அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, “மாப்ளே, நம்ம ஊருன்னா பள்ளம் ரொப்ப இந்த ரப்பீஸுக்கு ஆளே வந்து நிப்பானே” என்று அங்கலாய்த்தார். பெயர்க்காரணமும் கேட்டார். டென்னசியின் நாக்ஸ்வில்லில் டெம்ப்ஸ்டர் என்ற குடும்பம் 1930-களில் லாரி தூக்கிக் கொட்டும் பெட்டியைச் செய்தது. டெம்ப்ஸ்டரும் டம்ப்பும் சேர்ந்து டம்ப்ஸ்டர். அவர்களில் ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் பிறகு அந்த ஊர் மேயராகவும் ஆனார். “குப்பை அள்ளினவரை மேயராக்கியிருக்கான், நல்ல ஊருதான்” என்றார் மாமனார்.

கேள்வி: எங்கள் வீட்டு டம்ப்ஸ்டரில் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ ஒரு மெத்தையைப் போட்டுவிட்டார்கள். விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், பென்சில்வேனியா

பதில்: விடாதீர்கள். மெத்தைக்குத் தனிக் கட்டணம் போடும் கம்பெனிகள் உண்டு. வெளியே எடுத்து வைத்துவிட்டு, கம்பெனியில் கேளுங்கள். இனி மாலையானதும் தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டுங்கள், மழைக்கும் ஆச்சு, அக்கம்பக்கத்துக்கும் ஆச்சு. எங்கள் பெட்டியில் ஒருநாள் விடிந்து பார்த்தால் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று கிடந்தது. என் மனைவி அதைத் துடைத்து உள்ளே கொண்டுவந்துவிட்டாள். இன்றைக்கும் பேஸ்மெண்டில் இருக்கிறது, துண்டு காயப்போட.