மாநகர் மன்றத்துக்கு நிற்க ஆசை

கேள்வி: என் மைத்துனர் மெல்பர்னில் நகர மன்றத் தேர்தலில் நின்றார். அதைப் பார்த்ததிலிருந்து பினாங்கு மாநகர் மன்றத்துக்கு நானும் நிற்க ஆசைப்படுகிறேன். நண்பர்களோ, "இந்தியருக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? கட்சியில் சேர்ந்து நியமனம் வாங்கிக்கொள்" என்கிறார்கள். மகளின் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அது சின்ன வேலையாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: நீங்கள் நிற்பதற்கு மலேசியாவில் மாநகர் மன்றத் தேர்தலே இல்லை ஐயா. 1976ஆம் ஆண்டு ஊராட்சி (உள்ளாட்சி) சட்டப்படி உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. 8 பேருக்குக் குறையாமல், 24 பேருக்கு மேற்போகாமல். கோலாலம்பூர்வாசிகளுக்கு நியமன உறுப்பினர்கூடக் கிடையாது. மேயரும் ஓர் ஆலோசனை வாரியமும்தான்.

உங்கள் நண்பர்கள் கேட்ட கேள்விக்கு உங்கள் ஊரே பதில் சொல்லியிருக்கிறது. போருக்குப் பின் மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில்தான் நடந்தது. அது மாநகரமான 1957இல் முதல் மேயரானவர் தொழிலாளர் கட்சியின் டி.எஸ். இராமநாதன். நகரத்தில் பெரும்பான்மையினர் சீனர்கள். அவர் பெயரில் பினாங்கில் ஒரு சாலையே இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் உங்கள் நண்பர்களையும் அழைத்துப்போய்ப் பெயர்ப்பலகையைக் காட்டுங்கள். இன்றைக்கு நாம் குறைந்த எண்ணிக்கையில் இருக்கிறோம் என்பதைக் காரணமாகச் சொல்லி, நிற்கும் உரிமையே வேண்டாம் என்று நம்மவர்களே பேசும்போது எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

1965இல் இந்தோனேசியாவுடன் மோதல் நடந்தபோது தேர்தலை நிறுத்தினார்கள். அதன்பின் ஊராட்சி மன்றங்களை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி) ஆதி நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றுதான் அவருடைய ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் கேட்கவில்லை, 1976 சட்டம் அந்தக் கதவை அடைத்தது. 2012இல் பினாங்கு சட்டமன்றம் தேர்தல் நடத்தத் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் அதுவும் நிற்கவில்லை.

நியமனம் தவறில்லை. தம் சமூகத்தின் நலனை எடுத்துச் சொல்லக்கூடியவரையும் நியமிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நாற்காலியைக் கொடுப்பவர் எடுத்துக்கொள்ளவும் முடியும். உங்கள் தாமானில் (குடியிருப்பில்) லோங்காங் (சாக்கடை) அடைத்துக்கொண்டால் நீங்கள் யாருக்குப் பதில் சொல்வீர்கள், வீட்டு வரி கட்டுகிறவருக்கா, பெயரைப் பரிந்துரைத்தவருக்கா? இதை முடிவுசெய்துகொண்டு போங்கள். அதற்கு முன் மன்றத்தின் முழுக் கூட்டம் ஒன்றுக்குப் போய் உட்காருங்கள். குழுக் கூட்டங்களைத் தவிர மற்றவை, மன்றம் வேறு தீர்மானம் போடாவிட்டால், பொதுமக்களுக்குத் திறந்தவை.

இனி நீங்கள் சின்ன வேலை என்று தள்ளியது. ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு மிச்சமிருக்கும் இடங்களில் அந்தச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டமும் ஒன்று. அதைப் போய் வேண்டாம் என்கிறீர்கள்! பல பள்ளிகளில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்க, "பழைய செயலவையே தொடரட்டும்" என்று ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கணக்கறிக்கையைப் புரட்டக்கூட ஆளில்லை. பிறகு ஆண்டு முழுக்க வாட்ஸ்அப்பில் குறை சொல்கிறோம். கூரை ஒழுகுவது, பிள்ளைகளைப் பள்ளி வேனில் நெருக்கி ஏற்றுவது, முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகள் குறைவது, இவற்றைப் பேச வேண்டிய இடம் அந்தக் கூட்டம்தான்.

அடுத்த கூட்டத்துக்குக் கடிதம் வந்ததும் கணக்கறிக்கையை வாங்கிப் படியுங்கள். வகுப்புப் பெற்றோர் பத்துப் பேரை நேரில் பார்த்து, வரச் சொல்லுங்கள். முன்மொழிய ஒருவரையும் வழிமொழிய ஒருவரையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போட்டி வந்தால் பின்வாங்காதீர்கள்.