ஊர்ப் பிரச்சினையைக் காற்றில் பேசுவது: கேள்வி பதில்

பதினான்கு வருடமாக ஒரு சமுதாய வானொலியில், அதாவது ஒரு வட்டாரத்துக்கு மட்டும் கேட்கிற சின்ன நிலையத்தில், நிகழ்ச்சி தயாரித்து வருகிறேன். மூன்று வருடமாகத் தனியாக ஒரு பாட்காஸ்டும் உண்டு. இரண்டிலும் தண்ணீர், பள்ளிக்கூடம், ரேஷன், பேருந்து, ஊராட்சிக் கணக்கு இவைதான் பேச்சு. இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள் கேட்கலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கல்லூரி மாணவர், திண்டிவனம்: அக்கா, எஃப்.எம்மைத் திருப்பினால் பாட்டும் விளம்பரமும்தான். டிவியில் நாள் முழுக்க அரசியல் பேசுகிறார்கள். ரேடியோவில் மட்டும் ஏன் இல்லை?

பேசக் கூடாது என்று விதி இருக்கிறது தம்பி, அதனால்தான். அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்புச் சொன்னது. தனியார் எஃப்.எம். அதற்குப் பிறகு வந்தது, ஆனால் செய்திக்கு அனுமதி வரவில்லை. 2011-இல் வந்த கொள்கையில் கொஞ்சம் கதவு திறந்தார்கள்: ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியறிக்கையை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். போக்குவரத்து, வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, தண்ணீர் வரும் நேரம், மின்தடை, புயல் எச்சரிக்கை போன்றவை செய்தி என்ற கணக்கில் வராது என்றும் சொன்னார்கள். சமுதாய வானொலிக்கு 2006 வழிகாட்டு நெறியிலேயே செய்தி, நடப்பு நிகழ்வு, அரசியல் சார்ந்த நிகழ்ச்சி கூடாது என்று எழுதியிருக்கிறது. இந்தத் தடையை எதிர்த்து காமன் காஸ் என்ற அமைப்பு 2013-இல் உச்ச நீதிமன்றம் போனது.

என் கருத்தைக் கேட்டால், இது அநியாயம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், களை எடுத்துக்கொண்டே கேட்பவருக்கும் எட்டுகிற ஒரே ஊடகம் ரேடியோ. பத்திரிகை எழுதலாம், டிவி பேசலாம், ரேடியோ மட்டும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்றால் யாருடைய காதை அடைக்கிறோம்?

சரி, விதி மாறும்வரை சும்மா இருக்க முடியாது. எங்கள் நிகழ்ச்சியில் கட்சியின் பெயர் வராது, தலைவர்களைப் பற்றிய விமர்சனம் வராது. ஆனால் பள்ளிக் கழிப்பறை எந்தத் தேதியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது என்பது வரும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் வரும். சுகாதாரம், கல்வி, விவசாயம் பேசத்தானே சமுதாய வானொலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர், மன்னார்குடி: அம்மா, அந்தக் காலத்தில் ரேடியோ சொன்னால் ஊரே கேட்கும். இப்போது அந்த மரியாதை திரும்ப வருமா?

ஐயா, "ரேடியோ நெல்" உங்களுக்கு நினைவிருக்கும். ஆடுதுறை 27 ரகம் அறுபதுகளில் வந்தபோது, திருச்சி வானொலி நிலையம் வயல் வேலை ஒவ்வொன்றையும் பருவத்தோடு சொல்லிக்கொண்டே வந்தது. அதைக் கேட்டுத்தான் தஞ்சை விவசாயிகள் அந்த நெல்லைப் போட்டார்கள். ரகத்தின் எண் யாருக்கும் வாயில் வரவில்லை, ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாற்று விட வேண்டிய வாரத்தில் நாற்றைப் பற்றிப் பேசியதால் கிடைத்த மரியாதை அது. சம்பா அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலைய வாசலில் நெல் மூட்டை நனைகிறது என்றால், அந்த வாரமே அதைப் பேச வேண்டும். நாலு மாதம் கழித்துக் கருத்தரங்கம் மாதிரி பேசினால் எவரும் கேட்க மாட்டார்கள்.

தொண்டு நிறுவன ஊழியர், விருதுநகர் மாவட்டம்: எங்கள் வட்டாரத்துக்கு ஒரு சமுதாய வானொலி தொடங்க ஆசை. என்னென்ன வேண்டும்?

தனி ஆளுக்கு உரிமம் கிடையாது. அரசியல் கட்சிக்கும் அதன் துணை அமைப்புக்கும் கிடையாது. கல்வி நிறுவனம், வேளாண் அறிவியல் மையம், குறைந்தது மூன்று வருடம் மக்கள் பணி செய்த பதிவு பெற்ற அமைப்பு ஆகியவை விண்ணப்பிக்கலாம். பொதுவாக 100 வாட் சக்தி, 30 மீட்டர் உயரக் கோபுரம் வரைதான். சமவெளியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும். ஒலிபரப்பியதை மூன்று மாதம் பதிவாக வைத்திருக்க வேண்டும்.

வருமானம்தான் பெரிய கஷ்டம். விளம்பர நேரம் மணிக்கு 5 நிமிடமாக இருந்து 7 ஆனது. 2024 பிப்ரவரியில் அதை 12 நிமிடமாக்கினார்கள், பத்து விநாடிக்கு 52 ரூபாயாக இருந்த அரசு விளம்பரக் கட்டணமும் 74 ஆனது. அந்த அறிவிப்பு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த தென்மாநில மாநாட்டில் வந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம், ஏனென்றால் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது அங்கேதான்.

முடிந்தால் பாம்பன் போய் கடல் ஓசையைப் பார்த்துவிட்டு வாருங்கள். 2016-இல் மீனவர்களுக்காக மீனவர்களே தொடங்கிய நிலையம். காற்று, அலை, கடல் பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பேச்சிலேயே வரும். தெலங்கானாவில் சங்கம் ரேடியோ 2008-லிருந்து ஓடுகிறது. அதை நடத்துபவர்கள் தலித் விவசாயப் பெண்கள். இரண்டையும் பார்த்தால், கோபுரத்துக்கு முன்னால் ஆள் வேண்டும் என்பது புரியும். தினமும் வந்து உட்கார்ந்து பேச, பதிவு செய்ய, தொகுக்க உங்கள் வட்டாரத்தில் எட்டுப் பேர் இருக்கிறார்களா என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

இளைஞர், பொள்ளாச்சி: எந்த மைக் வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் போனே போதும். வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி, ஃபேனை நிறுத்துங்கள், காற்று அடிக்கிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வீட்டுக்குள் பேசினால் கட்டிலில் மெத்தை விரித்த அறை நல்லது, வெறும் சுவர் எதிரொலிக்கும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்து வையுங்கள். வெட்டி ஒட்டும்போது அதன் அருமை தெரியும். பத்து நிகழ்ச்சி செய்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று வாங்குங்கள்.

பாட்காஸ்ட் நடத்துபவர், சேலம்: மக்களின் புகாரை அப்படியே ஒலிபரப்புகிறோம். நல்ல வரவேற்பு. ஆனால் அதிகாரிகள் கோபிக்கிறார்கள். என்ன செய்வது?

நீங்கள் அவர்களைக் கேட்டீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி. நான் கேட்காமல் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

ஆறேழு வருடம் முன்பு ஒரு கிராமத்தில் இருபது நாளாகக் குடிதண்ணீர் வரவில்லை. ஏழெட்டுப் பேரின் குரலைப் பதிவு செய்தேன். எல்லாரும் டேங்க் ஆபரேட்டரைத்தான் சொன்னார்கள்: மோட்டார் போடுவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறார் என்று. குரல்களில் அவ்வளவு கோபம், கேட்டபோது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் காலையிலேயே ஒலிபரப்பிவிட்டேன். மத்தியானம் அவர் நிலையத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த இரண்டு காகிதங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். மோட்டார் காயில் கருகிவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று அவர் எழுதிக் கொடுத்த மனுக்களின் நகல். முதலாவதற்குத் தேதி பதினெட்டு நாளைக்கு முந்தியது. "என் பொண்ணு ஸ்கூல்ல எல்லாரும் கேட்டாங்களாம்மா" என்றார். அந்த வீட்டில் இரண்டு நாள் யாரும் வெளியே தலைகாட்டவில்லை என்று பிறகு தெரிந்தது.

அதே நேரத்தில், அதே நீளத்தில் மன்னிப்புக் கேட்டு ஒலிபரப்பினோம். அவரே அந்த மனுக்களை வாசித்தார். அதற்குப் பிறகுதான் கேள்வி போக வேண்டிய அலுவலகத்துக்குப் போனது. ஒன்பதாம் நாள் மோட்டார் வந்தது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புகாரில் யாருடைய பெயரோ பதவியோ வந்தால், அவர் பதில் இல்லாமல் நிகழ்ச்சி போகாது. போனில் கேட்போம், நேரில் போவோம், எழுதிக் கொடுத்து இரண்டு நாள் காத்திருப்போம். பேச மறுத்தால், எந்தத் தேதியில் எப்படிக் கேட்டோம் என்பதை அப்படியே சொல்வோம். நிகழ்ச்சி தாமதமாகும்தான், ஆகட்டும். காகிதம் வேண்டிய இடத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை வரிக்கு வரி வாசித்தாலே ஒரு நல்ல நிகழ்ச்சி.

சுய உதவிக் குழு உறுப்பினர், தர்மபுரி மாவட்டம்: அக்கா, எங்கள் பெண்கள் என்னிடம் மணிக்கணக்கில் பேசுவார்கள். மைக்கைப் பார்த்தால் "நீங்களே சொல்லிடுங்க" என்கிறார்கள்.

தலைமேல் மைக்கை நீட்டினால் யாருக்கும் வாய் வராது. நான் குழாயடியில்தான் கற்றுக்கொண்டேன். அதிகாலை ஐந்து மணி, வரிசையில் பிளாஸ்டிக் குடங்கள், குழாயில் காற்று மட்டும் புஸ்ஸென்று வருகிறது. நானும் ஒரு குடத்தோடு போய்க் கல்லில் உட்கார்ந்தேன். பதிவு செய்யப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, கருவியை மடியில் வைத்துக்கொண்டேன். பிரச்சினையைக் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், அடுப்பில் என்ன இருக்கிறது, பிள்ளையை யார் எழுப்புவார்கள் என்று கேட்டேன். "தண்ணி வர்றதுக்குள்ள அவன் பள்ளிக்கூடம் போயிடுவான், குளிக்காமத்தான் போறான்" என்று ஒரு அக்கா சொன்னார். அந்த ஒரு வரி போதும். அவர் குரலுக்குப் பின்னால் காலிக் குடம் ஒன்று தரையில் இடிக்கிற சத்தம் கேட்கும். ஒலிபரப்பும் முன் அவரிடமே போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்கினேன். வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும், கெஞ்சக் கூடாது.

"நீங்களே சொல்லிடுங்க" என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்கள் பேச்சை நம் வாயால் சொன்னால் அது நம் பேச்சாகிவிடும்.

யூடியூபர், மதுரை: இரண்டு கட்சிக்காரர்களை எதிரெதிரே உட்கார வைத்தால் சண்டைதான் மிஞ்சுகிறது. விஷயம் எதுவும் வெளியே வருவதில்லை.

எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள். ஒரே கேள்வியை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பதிவு செய்து, அடுத்தடுத்துப் போடுங்கள். "ஆட்சி எப்படி?" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். "மே 1 கிராம சபையில் நூலகக் கட்டடத்துக்குத் தீர்மானம் போட்டீர்கள், இன்று அது எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். சத்தம் தானாகக் குறையும். தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை. தீர்மானப் புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிற தொகுப்பாளரை ஏமாற்றுவது கஷ்டம்.

வழக்கறிஞராகப் பயிற்சி பெறுபவர், சென்னை: பாட்காஸ்டுக்கு உரிமம் வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் எதையும் பேசலாமா?

ஒலிபரப்பு உரிமம் வேண்டாம், உண்மைதான். அதற்காக சட்டம் இல்லை என்று ஆகிவிடாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு இன்னும் குற்றமாகவே இருக்கிறது. இணையத்தில் செய்தியும் நடப்பு நிகழ்வும் தொடர்ந்து வெளியிடுபவர்களுக்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் உண்டு. இணையத்தில் எழுதியதற்கே கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் நீக்கிவிட்டது, அது பெரிய ஆறுதல். ஊழல் என்று சொல்லுமுன் காகிதம் கையில் இருக்க வேண்டும். எடிட் செய்யாத முழுப் பதிவையும் பத்திரமாக வையுங்கள். வன்முறைக்கு ஆளான பெண், குழந்தை பற்றிப் பேசும்போது பெயர் மட்டுமல்ல, தெரு, பள்ளி, உறவு எதுவும் வரக் கூடாது. சின்ன ஊரில் "கோயிலுக்குப் பின்னால் இருக்கிற வீடு" என்றாலே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஆசிரியை, நீலகிரி: எங்கள் பகுதியில் இணையம் சரியாக வராது. பாட்காஸ்ட் செய்து என்ன பயன்?

சத்தீஸ்கரில் சிஜிநெட் ஸ்வரா என்று 2010-இல் தொடங்கினார்கள். சாதாரண போனிலிருந்து ஓர் எண்ணை அழைத்து ஆதிவாசிகள் தங்கள் மொழியிலேயே செய்தியைப் பதிவு செய்வார்கள், மற்றவர்கள் அழைத்துக் கேட்பார்கள். இணையமே வேண்டாம். அந்த அளவுக்கு உடனே முடியாவிட்டால், பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகாத ஒலிக்கோப்பாகச் செய்து, சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒருவர் இறக்கி, மெமரி கார்டில் ஏற்றி டீக்கடையில் போடச் சொல்லுங்கள். டீக்கடையில் கேட்டால் அங்கேயே விவாதமும் நடந்துவிடும்.

வாசகர், டொராண்டோ: தமிழோசை கேட்டு வளர்ந்தவன் நான். அது மாதிரி இனி வருமா?

1941 மே மாதம் தொடங்கி 2017 ஏப்ரல் 30 வரை பிபிசி தமிழோசை சிற்றலையில் ஒலித்தது. எங்கள் அப்பா ஏரியலைச் சன்னல் கம்பியில் கட்டி, இரைச்சலுக்கு நடுவே கேட்பார். இரைச்சல் கூடினால் வீட்டில் யாரும் பாத்திரம் வைக்கக் கூடாது. ஒரே நிகழ்ச்சிக்காக உலகம் முழுக்க இருக்கிற தமிழர்கள் ஒரே நேரத்தில் காத்திருந்த காலம் போய்விட்டது. அதை நினைத்து எனக்கும் வருத்தம் உண்டு.

பாட்காஸ்ட் தொடங்கி ஏழு மாதமானவர், அறந்தாங்கி பக்கம்: ஒரு நிகழ்ச்சிக்கு நாற்பது பேர்தான் கேட்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

அந்த நாற்பது பேர் யார்? உங்கள் ஊரில் ஐந்நூறு வீடு என்றால், நாற்பது பேர் என்பது ஒரு தெரு. உங்கள் ஏரி மடை நிகழ்ச்சியை நான் கேட்டேன். மடை உடைந்தது தெரிந்தது. அப்புறம் அடைத்தார்களா, இந்த வருடம் கடைசி வயலுக்குத் தண்ணீர் போனதா என்று நீங்கள் சொல்லவே இல்லை. நானும் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். திரும்ப அந்த மடைக்குப் போய், அதே பெரியவரிடம் அதே இடத்தில் நின்று பேசிப் பதிவு செய்யுங்கள். எடிட் செய்யாமலே எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டு எழுதுகிறேன்.