97 விழுக்காட்டில் உங்கள் பேரன் எங்கே?

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். என் பேரனுக்குப் பத்து மாதம். மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால் நாலு மாதத்திலிருந்து சுங்கை சிப்புட்டில் சம்பந்தியம்மா வீட்டில் வளர்ந்தான். இப்போதுதான் எங்களிடம் வந்திருக்கிறான். ஐந்தாம் மாத ஊசியும் ஒன்பதாம் மாத ஊசியும் விட்டுப்போய்விட்டன. அரசாங்கக் கிளினிக் மிஸ்ஸி (தாதி) போன் மேல் போன் போடுகிறார். நாட்டில் 97 விழுக்காட்டுப் பிள்ளைகள் ஊசி போட்டாயிற்று என்று படித்தேன். அப்படியிருக்க, ஒரு பிள்ளைக்கு ஏன் இத்தனை பதற்றம்? அதோடு, ஓர் இடத்தில் தட்டம்மை வந்தவர்களில் பாதிப் பேர் ஊசி போட்டவர்களாம், வாட்ஸ்அப்பில் வந்தது. இந்தக் கணக்கையெல்லாம் எப்படி நம்புவது?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: நம்புவதா வேண்டாமா என்பது அப்புறம். அந்த 97 எதன் 97 என்று பார்த்தீர்களா ஐயா? விழுக்காடு என்றால் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே இருப்பதைத்தான் எல்லாரும் படிக்கிறோம். வில்லங்கம் பெரும்பாலும் கீழேதான் இருக்கிறது.

உங்கள் பேரனையே எடுத்துக்கொள்வோம். பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் அவன் வெற்றி. இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் ஆறு நோய்க்கான கூட்டு ஊசி போட்டாயிற்று. ஆகவே ‘முதல் ஊசிகூடக் காணாத பிள்ளைகள்’ என்ற கணக்கில் வரமாட்டான். உலகம் முழுக்க அப்படிப்பட்ட பிள்ளைகள் 2023இல் 1 கோடியே 45 லட்சம் பேர். ஐந்தாம் மாதத்து மூன்றாவது ஊசி இல்லை, அதனால் அங்கே அவன் ‘பாதியில் நின்றவன்’. ஒரே பிள்ளை ஒரு பட்டியலில் பாஸ், இன்னொன்றில் பெயில்.

ஒரு நாட்டின் தடுப்பூசித் திட்டத்தை எடைபோட உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் முதலில் பார்ப்பது அந்த மூன்றாவது ஊசியைத்தான். அந்தக் கூட்டு ஊசிக்குள் இருக்கும், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றையும் தடுக்கும் மருந்தின் மூன்றாம் தவணை அது. முதல் ஊசிக்கு எப்படியும் கூட்டம் வரும். அதே பிள்ளையை மூன்று முறை வரவழைக்கத்தான் மருந்து கையிருப்பு, கெடாத குளிர்ப்பெட்டி, ஆள்பலம், நினைவூட்டல் எல்லாம் தேவைப்படுகின்றன. முதல் ஊசிக்கு வந்தவர்களில் மூன்றாவதற்கு வராதவர்கள் 10 விழுக்காட்டைத் தாண்டினால், பெற்றோரைக் குறை சொல்வதற்கு முன்னால் கிளினிக் நடக்கும் விதத்தைப் பார் என்பது அந்தத் துறையில் பழைய விதி. மலேசியா இந்தத் தேர்வில் பல காலமாகத் தொண்ணூறுக்கு மேல்தான் வாங்கி வருகிறது. 97 இருக்கும்போது போன் எதற்கு என்கிறீர்கள். மிஸ்ஸி போன் போடுவதால்தான் ஐயா 97.

மீதி 3 விழுக்காடு சின்ன எண்ணாகத் தெரிகிறதா? நம் நாட்டில் 2024இல் நாலு லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. கணக்கு 12,000 பிள்ளைகளைத் தாண்டுகிறது, அதுவும் ஒரே ஆண்டில்.

சரி, கீழே இருக்கும் எண்ணுக்கு வருவோம். போட்ட ஊசிகளை எண்ணுவது சுலபம். போட வேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான் தலைவலி. உங்கள் பேரன் பிறந்தது கோலாலம்பூரில். சம்பந்தியம்மா அவனைச் சுங்கை சிப்புட் கிளினிக்குக்குத் தூக்கிப் போயிருந்தால் ஊசி பேராக்கில் ஏறியிருக்கும், பிள்ளை கோலாலம்பூர் கணக்கிலேயே இருந்திருப்பான். கைக்குழந்தையைக் கம்பத்துப் பாட்டியிடம் விட்டுவிட்டு இங்கே வேலைக்கு ஓடும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! கோவிட் காலத்தில் சிலாங்கூர்க்காரர்கள் புக்கிட் ஜாலில் அரங்கில் வரிசையில் நின்றது நினைவிருக்கும். அந்த ஊசிகளை மேலே எழுதி, கோலாலம்பூர் மக்கள்தொகையைக் கீழே எழுதினால் நூறையே தாண்டிவிடும். நூற்றுக்கு நூற்றைந்து என்பது சாதனை இல்லை, கீழே உள்ள எண் தப்பு என்பதற்கு அத்தாட்சி. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளும் அகதிப் பிள்ளைகளும் கீழே சேர்க்கப்படவே இல்லையென்றால் விழுக்காடு இன்னும் அழகாகத் தெரியும். கிருமி பத்திரம் கேட்பதில்லை.

அதனால்தான் வீடு வீடாகப் போய், “பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைக் காட்டுங்கள்” என்று கேட்கும் ஆய்வுகள் நடக்கின்றன. புத்தகம் தொலைந்திருந்தால் அம்மாவின் ஞாபகம்தான். மூன்று பிள்ளை பெற்றவரிடம் நடுப்பிள்ளைக்கு எத்தனை ஊசி என்று கேட்டால் அவர் என்ன செய்வார், பாவம்! கிளினிக் கணக்கையும் வீட்டு ஆய்வையும் ஒப்பிட்டு, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஆண்டுதோறும் ஜூலையில் தங்கள் மதிப்பீட்டை வெளியிடுகின்றன. சில நாடுகளில் அது அரசாங்கம் சொன்ன எண்ணோடு ஒத்துப்போகாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மூன்றாவது ஊசிக் கணக்கு பிள்ளையின் முதல் பிறந்தநாளோடு முடிகிறது. பேரன் இந்த மாதம் போட்டுக்கொண்டால், ஐந்தாம் மாதமே போட்ட பிள்ளைக்குச் சமமாக அவனும் 97இல் ஏறிவிடுவான். இடையில் முழுத் தடுப்பு இல்லாமல் ஓடிய மாதங்கள் அந்த எண்ணில் தெரியாது. கக்குவான் இருமல் மிகவும் படுத்துவது ஒரு வயது நிரம்பாத சிசுக்களைத்தான். அட்டவணையில் இரண்டு, மூன்று, ஐந்து என்று மாதக்கணக்கில் நெருக்கிப் போட்டிருப்பது அதனால்தான்.

இப்போது உங்கள் வாட்ஸ்அப் செய்தி. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 970 பேருக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) இரண்டு தவணையும் ஆயிற்று, 30 பேருக்கு ஒன்றுமில்லை. இரண்டு தவணை போட்டால் தட்டம்மையைத் தடுக்கும் திறன் ஏறக்குறைய 97 விழுக்காடு (இது வேறு 97, குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஆக, ஊசி போட்ட 970 பேரில் 29 பேருக்கு அது பலிக்காது. தட்டம்மை உள்ளே நுழைந்து, தடுப்பில்லாத ஒருவரையும் விடவில்லை என்போம். மொத்த நோயாளிகள் 59 பேர். அதில் 29 பேர் ஊசி போட்டவர்கள். உங்களுக்கு வந்த செய்தி உண்மையாகவே இருக்கலாம், பாதிப் பேர் ஊசி போட்டவர்கள்தான். ஆனால் கீழே பாருங்கள். ஊசி போடாத 30 பேரில் 30 பேரும் படுத்துவிட்டார்கள். ஊசி போட்ட 970 பேரில் 941 பேர் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த 941 பேரைப் பற்றி யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. ஆயிரம் பேரும் ஊசி போட்டிருந்தால், நோய் வந்த சிலரில் நூற்றுக்கு நூறு பேரும் ஊசி போட்டவர்களாகவே இருப்பார்கள். அதையும் ஒருவர் ‘பார்த்தீர்களா!’ என்று அனுப்புவார்.

97இல் என் பேரன் ஒருவன் ஒளிந்துகொள்ளட்டுமே என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. விடுபட்டவர்கள் நாடு முழுக்க ஒழுங்காகப் பரவிக் கிடப்பதில்லை, ஓரிடத்தில் குவிந்திருப்பார்கள். 2019 ஜூனில் கிளந்தான் குவா மூசாங் பக்கம் கோல கோ என்ற பாத்தேக் பூர்வகுடிக் கிராமத்தில் அடுத்தடுத்து உயிர்கள் போயின. தட்டம்மை என்று சுகாதார அமைச்சு உறுதிப்படுத்தியது. அங்கே முதல் தவணை எம்.எம்.ஆர். எட்டியது 61.5 விழுக்காட்டினரை, இரண்டாவது 30 விழுக்காட்டினரை. தட்டம்மை பரவாமலிருக்க 95 வேண்டும். தேசிய சராசரியில் இந்தக் கிராமம் கண்ணுக்கே தெரியாது. அதே ஆண்டு டிசம்பரில் சபாவின் துவாரானில் ஒரு மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ. 1992க்குப் பிறகு நாட்டில் அதுவே முதல் தடவை. 2000இலேயே போலியோ இல்லாத நாடு என்று பெயர் வாங்கியிருந்தோம். வந்தது இயற்கையாகப் பரவும் ‘காட்டுக் கிருமி’கூட இல்லை. சொட்டு மருந்தில் இருந்த பலவீனமான கிருமி, தடுப்பு குறைந்த மக்களிடையே கைமாறிக் கைமாறி வீரியம் பெற்ற வகை.

நோயே இல்லை என்ற பூஜ்யத்தையும் இந்தத் துறை சும்மா ஏற்றுக்கொள்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல் இதுதான்: 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட லட்சம் பிள்ளைகளில், ஆண்டுக்கு ஒருவரையாவது ‘திடீரென்று கைகால் தளர்ந்தது, சோதித்தோம், போலியோ இல்லை’ என்று நாடு கணக்குக் காட்ட வேண்டும். அப்படி ஒருவரும் இல்லை என்று எழுதினால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, யாரும் தேடவில்லை என்று அர்த்தம்.

ஆகவே ஐயா, மிஸ்ஸி அடுத்த முறை அழைத்தால் போனை எடுங்கள். முதலிலிருந்து மறுபடி போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பிள்ளையின் புத்தகத்தைக் கையோடு கொண்டு போங்கள். அது சுங்கை சிப்புட்டிலேயே தங்கிவிட்டதென்றால், சம்பந்தியம்மாவிடம் சொல்லி இன்றைக்கே போஸ் லாஜு விரைவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.