கேள்வி – பதில்: பாயின் மேலும் கீழும் ஈரம்

கேள்வி: மலையேற்றத்தின்போது கூடாரத்துக்குள் காற்றடைத்த பாயை விரித்துப் படுக்கிறேன். மழை பெய்யாத இரவுகளில்கூட, காலையில் எழுந்து பார்த்தால் முதுகு பட்ட இடம் பிசுபிசுக்கிறது. பாயைத் தூக்கினால் அடியில் கூடாரத் தரையும் நனைந்திருக்கிறது. நிலத்திலிருந்து நீர் ஊறுகிறதா, அல்லது பாய் பழுதாகிவிட்டதா?

பதில்: பாய் பழுதாகவில்லை. நீங்கள் பார்ப்பது இரண்டு தனித்தனி ஈரங்கள் என்பதால், அவற்றைத் தனித்தனியாகவே ஆராய வேண்டும்.

மேற்புறத்து ஈரம் உங்களுடையது. வியர்க்காமல் அமைதியாகப் படுத்திருக்கும்போதும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கிறது. ஓர் இரவில் அது கால் லிட்டரை ஒட்டி வரும். உடலின் மேற்பகுதியிலிருந்து கிளம்பும் ஆவி ஸ்லீப்பிங் பேக்கின் துணியைக் கடந்து வெளியேறிவிடும். முதுகின் அடியில் அதற்கு வழியில்லை. காற்றடைத்த பாயின் நைலான் அல்லது பாலியெஸ்டர் உறையில் காற்றுக் கசியாதபடி பூச்சு இடப்பட்டிருக்கிறது. அந்தப் பூச்சு நீராவியையும் தடுத்து நிறுத்திவிடுகிறது. ஃபோம் பாயிலும் இதே கதைதான், ஏனெனில் அதன் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியவை.

இந்த மேற்புற ஈரத்துக்கு ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு காரணங்கள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாயின் வெப்பத்தடை போதாவிட்டால் அதன் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். சுமார் 33 டிகிரி செல்சியஸில் இருக்கும் தோலிலிருந்து வரும் ஆவி அந்தக் குளிர்ந்த பரப்பில் பட்டுத் துளியாகிவிடும். மாறாக, இரவின் குளிருக்குத் தேவையானதைவிட வெப்பத்தடை மிகுந்திருந்தால், முதுகு சூடேறி உடல் உண்மையாகவே வியர்க்கத் தொடங்கும். இரவில் முதுகு சில்லிட்டதா, புழுங்கியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சில்லிட்டிருந்தால் கூடுதல் வெப்பத்தடை வேண்டும். புழுங்கியிருந்தால் ஓர் ஆடையைக் கழற்றிவிட்டு, ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பைக் கால் பக்கத்திலிருந்து சற்றுத் திறந்துவைத்தாலே போதும். குளிருக்கு அஞ்சி, இருக்கும் உடையையெல்லாம் அணிந்துகொண்டு படுப்பவர்களுக்கே இந்தத் தொல்லை அதிகம் என்பது என் கருத்து.

கீழ்ப்புறத்து ஈரம் பெரும்பாலும் கூடாரத்தின் காற்றிலிருந்து வருகிறது. 20 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்துடன் உள்ள காற்று ஏறத்தாழ 9 டிகிரிக்குக் குளிர்ந்தால் துளியாகத் தொடங்கும். நீங்கள் மூச்சுவிட்டு நிறைத்த மூடிய கூடாரத்தின் காற்றுக்கோ ஓரிரு டிகிரி குளிர்ச்சியே போதும். பாய், கூடாரத்தின் வெதுவெதுப்பைத் தரைக்குப் போகாமல் தடுக்கிறது. ஆகவே கூடாரத் தரையிலேயே மிகவும் குளிர்ந்திருப்பது பாயின் அடிப்பகுதிதான். ஓரங்களின் வழியே அங்கு புகும் காற்று துளியாகிறது. காற்றோட்டம் இல்லாததால் அந்தத் துளி உலர்வதுமில்லை.

நிலத்து நீர்மேல் சந்தேகம் இருந்தால், பாயின் அடியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் தாளின் மேற்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றிலிருந்து வந்தது. அடிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால், கூடாரத் தரையின் பூச்சு தேய்ந்து, உங்கள் எடை அழுத்தும் இடங்களில் நீர் ஏறுகிறது என்று கொள்ளலாம்.

பரிகாரம் காற்றோட்டமே. தாழ்வாக ஒன்றும் உயரத்தில் ஒன்றுமாக இரண்டு திறப்புகளை இரவு முழுவதும் திறந்து வையுங்கள். குளிர் சற்றுக் கூடும், ஈரம் வெகுவாகக் குறையும். நனைந்த உடைகளை உள்ளே தொங்கவிடாதீர்கள். உள்ளே அடுப்பு மூட்டுவதை அறவே தவிருங்கள்: நீராவி ஒருபுறமிருக்க, கார்பன் மோனாக்சைடு உயிரையே வாங்கிவிடும். இடத்தேர்வும் முக்கியம். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குவதால், ஓடைக்கரையையும் பள்ளத்தாக்கின் அடிவாரத்தையும் விட, சற்று மேடான மரத்தடி உலர்வாக இருக்கும். தலைக்கு மேல் பட்டுப்போன கிளை ஏதும் இல்லையென்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வெப்பமான இரவுகளில் பாயின்மேல் பருத்தி விரிப்பைப் போடலாமா? மலையேறுபவர்கள் பருத்தியே ஆகாது என்கிறார்களே!

பதில்: அந்த எச்சரிக்கை குளிருக்கானது, வெப்பமான இரவுக்கு அப்படியே பொருந்தாது. 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 16 சதவீதமும், பருத்தி சுமார் 8 சதவீதமும் ஈரத்தை ஏற்று வைத்திருக்கும். பாலியெஸ்டர் 1 சதவீதத்தைக்கூட எட்டாது. ஆகவே பருத்தி விரிப்பு முதுகின் ஆவியை வாங்கிக்கொண்டு பிசுபிசுப்பைக் குறைக்கவே செய்யும். ஆனால் ஒருமுறை நனைந்தால் மெதுவாகவே காயும். மறுநாள் உலர்த்த வெயிலும் நேரமும் கிடைக்குமென்றால் தாராளமாகப் போடுங்கள். நாள்தோறும் இடம் மாறும் பயணமென்றால் மெல்லிய கம்பளி விரிப்பு மேலானது. வரிவரியாக மேடுபள்ளம் உள்ள பாயைச் சற்று இறுக்கமாக ஊதினால், பள்ளங்களின் வழியே முதுகுக்குக் கொஞ்சம் காற்றும் கிடைக்கும்.

எல்லாப் பருவத்துக்கும் தடித்த பாய் ஒன்றையே வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. பாயின் வெப்பத்தடையைக் குறிக்கும் ‘ஆர்’ மதிப்பைச் சோதிக்க 2018இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுத் தரமுறை வந்ததால், அதைப் பின்பற்றும் நிறுவனங்களின் பாய்களை இன்று ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. அடுக்கும்போது இந்த மதிப்புகள் கூடும்: 2 உள்ள ஃபோம் பாயும் 3 உள்ள காற்றுப் பாயும் சேர்ந்தால் 5. கோடையில் ஒன்று, குளிரில் இரண்டும் என்று வைத்துக்கொண்டால் புழுக்கமும் இல்லை, நடுக்கமும் இல்லை.

கேள்வி: பாயை வாயால் ஊதினால் உள்ளே பூஞ்சை பிடிக்குமா?

பதில்: பிடிக்கக்கூடும். மூச்சுக் காற்று ஏறத்தாழ 34 டிகிரியில் ஈரம் நிறைந்து வெளிவருகிறது. ஒரு கன மீட்டரில் சுமார் 37 கிராம் நீர் இருக்கும். 60 லிட்டர் கொள்ளும் பாயை ஊதினால் உள்ளே போவது ஏறத்தாழ 2 கிராம். இரவில் உட்புறம் 10 டிகிரிக்குக் குளிரும்போது அதில் அரை கிராமைச் சற்றே மிஞ்சிய அளவுதான் ஆவியாக நிற்கும். மீதி உள்சுவரில் துளியாகும். ஒரே இரவில் இது பொருட்படுத்தத் தக்கதன்று. வாரக்கணக்கில் ஊதி, ஈரத்தோடு சுருட்டி வைத்தால்தான் கேடு. உள்ளே இறகு நிரப்பிய பாயென்றால் இறகு கட்டிதட்டி வெப்பத்தடையும் குறையும். ஊதுபையையோ சிறு பம்பையோ பயன்படுத்துங்கள். வீடு திரும்பியதும் வால்வைத் திறந்து, நிழலான உலர்ந்த இடத்தில் சில நாட்கள் விரித்து வையுங்கள்.

கேள்வி: பளபளக்கும் அவசரகாலப் போர்வையைப் பாயின்மேல் விரித்தால் கூடுதல் வெதுவெதுப்புக் கிடைக்குமா?

பதில்: வேண்டாம். அது ஆவி புகாத படலம். முதுகுக்கும் அதற்கும் இடையில் ஈரம் சேர்ந்து நிலைமை மோசமாகும். மேலும், உடல் நேரடியாக அழுத்தும் இடத்தில் வெப்பம் பெரிதும் தொடுகையால் கடத்தப்படுவதால், பளபளப்புக்கு அங்கு வேலை குறைவு. கடுங்குளிரில் பல நாட்கள் தங்குபவர்கள் ஆவி புகாத உள்ளுறைக்குள் வேண்டுமென்றே படுப்பதுண்டு; ஆனால் அது ஸ்லீப்பிங் பேக்கின் உள்ளே ஈரம் உறைந்து நாளுக்கு நாள் கனப்பதைத் தடுப்பதற்கான ஏற்பாடு, சாதாரண இரவுகளுக்கு ஏற்றதன்று.