தகரப் பெட்டிக்குள் ஒரு படம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூடிப்போன கொட்டகை ஒன்றின் ஆபரேட்டர் அறையிலிருந்து நாலு தகரப் பெட்டிகள் எங்கள் வீட்டு மச்சுக்கு வந்து சேர்ந்து வெகு காலம் ஆகிறது. உள்ளே பிலிம் சுருள். மூடியைத் திறந்தால் புளித்த வாடை குப்பென்று அடிக்கிறது. புரொஜெக்டர் இரவல் கிடைக்கும். ஓட்டிப் பார்க்கலாமா? (வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: ஓட்டவே வேண்டாம். ஒரே ஒரு தடவை என்றுகூட வேண்டாம்.

அந்த வாடை அசிட்டிக் அமிலம். கடையில் வாங்கும் வினிகரில் இருப்பதும் அதுதான். 1950களின் தொடக்கத்திலிருந்து வந்த பிரிண்டுகளில் பெரும்பாலானவை அசிடேட் பிலிம். சூடும் ஈரமும் பட்டால் அது சிதைந்து அமிலத்தை விடும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகமாக்கும். மூடிய தகரப் பெட்டிக்குள் அது வெளியேற வழியில்லை, துருவும் சேர்ந்துகொள்ளும். ஓட்டுக்குக் கீழே சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் வருஷா வருஷம் தாங்கிய மச்சு இதற்கு ஆகவே ஆகாத இடம். அமிலம் ஏற ஏறச் சுருள் சுருங்கும். நூற்றில் ஒரு பங்கு சுருங்கினாலே ஓரத்துளைகளும் புரொஜெக்டரின் பல்சக்கரமும் ஒத்துப்போகாது. துளை கிழியும், படம் அறுந்து போகும்.

முதலில் அகலத்தை அளந்து பாருங்கள். 35 மில்லிமீட்டர் என்றால் சுருளின் நுனியைப் பகல் வெளிச்சத்தில் பிடித்து, துளைகளை ஒட்டிய ஓரத்தைப் படியுங்கள். ‘சேஃப்டி’ என்று பொடி எழுத்து இருந்தால் அசிடேட். ‘நைட்ரேட்’ (அசிடேட்டுக்கு முந்தைய பிலிம் வகை) என்று இருந்தாலோ, சுருள் பிசுபிசுத்துப் பழுப்புப் பொடி உதிர்ந்தாலோ, அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. சிதைந்த நைட்ரேட் 40 டிகிரிச் சூட்டிலேயே தானாகத் தீப்பிடிக்கக்கூடும். எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. நிழலான, காற்றோட்டமான வெளி இடத்துக்கு மாற்றிவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். துண்டு நறுக்கிக் கொளுத்திப் பார்க்கும் பழைய சோதனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

அசிடேட் என்றால், வாடை அடிக்கும் சுருளை வாடை அடிக்காத சுருளிலிருந்து இன்றைக்கே பிரித்து வேறு அறையில் வையுங்கள். ஒன்றின் ஆவி மற்றதையும் கெடுக்கும். துருப்பிடித்த பெட்டியைக் கழித்துவிட்டு, காற்றுத் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் படுக்கை வாட்டத்தில் வையுங்கள். நிறுத்தி வைத்தால் சுருள் தன் பாரத்திலேயே கோணிக்கொள்ளும். பாலித்தீன் பையில் போட்டுக் கட்டுவது, நாப்தலின் உருண்டை போடுவது, எண்ணெய் தொட்டுத் துடைப்பது எல்லாமே கெடுதல். பருத்திக் கையுறை போட்டு ஓரத்தை மட்டும் பிடியுங்கள். தளர்ந்த சுருளின் நுனியை இழுத்து இறுக்கினால், உள்ளே இருக்கும் தூசி படம் முழுவதும் கோடு போட்டுவிடும்.

எந்தப் படம் என்று அறிய, சுருளின் தொடக்கத்துத் துண்டைப் பாருங்கள். பேரும் ரீல் எண்ணும் அங்கே இருக்கும். முதல் ரீல் என்றால் தணிக்கைச் சான்றிதழும் இருக்கும். 35 மில்லிமீட்டரில் 1000 அடி ஓடுவது சுமார் 11 நிமிடம், அடிக்கு 16 பிம்பம். பிம்பத்துக்குப் பக்கத்தில் நெளிந்து நெளிந்து ஒரு வெள்ளைக் கோடு போகிறதே, அதுதான் ஒலி. யாரோ பேசிய வசனத்தைக் கண்ணால் பார்க்கிறீர்கள். வண்ணப் படம் முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நீலச்சாயம் முதலில் வெளுத்துவிட்டது, அவ்வளவுதான். ஸ்கேன் செய்யும்போது ஓரளவு மீட்கலாம். ஸ்கேன் செய்பவரிடம் பல்சக்கரம் இல்லாத இயந்திரமா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

முழுப்படம் இல்லையே என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இன்று நம்மிடம் இல்லை. அதில் ஒரு ரீல் கிடைத்தால்கூடப் பொக்கிஷம். புனேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு, பேரும் ரீல் எண்ணும் தெரிகிற போட்டோவோடு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடையில் இன்றைக்கும் குழாய் ஸ்பீக்கரில் கட்டபொம்மன் வசனம் போடுகிறார்கள். பிள்ளைகள் ஆண்டு விழாவில் அதையே பேசுகிறார்கள். அந்தப் பேச்சு உண்மையிலேயே நடந்ததா? (வாசகி, ஓட்டப்பிடாரம்)

பதில்: சந்திப்பு நடந்தது. கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் ராமநாதபுரத்தில் பார்த்தது 1798 செப்டம்பரில். வசனம் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதியது. முதலில் மேடை நாடகமாக நடந்து, பிறகு 1959-ல் பி. ஆர். பந்துலு இயக்கத்தில் படமானது. திரையில் பார்க்கும் கல்கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பாளையக்காரரின் கோட்டை மண்கோட்டை. அவரைத் தூக்கிலிட்ட கயத்தாறுக்கும் (1799 அக்டோபர் 16) பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

அந்த வசனம் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் காது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பிறந்த காட்டுநாயக்கன்பட்டி உங்கள் பக்கத்து ஊர்தான். செங்கோட்டை கிட்டப்பா பாடிய மேடையும் சுவாமிகளின் பாட்டால் நிறைந்தது. விடிய விடிய நாடகம் கேட்ட சீமைக்கு, சொல்லுக்குச் சொல் அடுக்கி ஏறும் வசனம் புதிதில்லை. குழாயும் அதற்கு உதவியது. கூம்பில் அடித்தொனி ஏறாது. குரல் நிற்கும் நடுத்தொனி வயல் தாண்டியும் தெளிவாகப் போகும். பாட்டு சப்பென்று கேட்கிற தூரத்திலும் வசனம் புரியும்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது கத்தவிடாதீர்கள். மூச்சு எடுக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுங்கள். முதல் கேள்வியைத் தணிந்த குரலில் தொடங்கினால்தான் கடைசிக் கேள்விக்கு ஏற இடம் இருக்கும்.

கேள்வி: கொடைக்கு மறுநாள் பழைய படம் ஒன்று திரை கட்டிப் போட நினைக்கிறோம். என்னென்ன பார்க்க வேண்டும்? (இளைஞர் குழு, கடையம்)

பதில்: காற்றைப் பாருங்கள். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் மேல்காற்றில் துணித்திரை பாய்மரம் மாதிரி உப்பி, கம்போடு சாயும். அந்த மாதங்களில் பள்ளிச் சுவருக்குப் பளபளப்பில்லாத வெள்ளை இரண்டு கோட்டிங் அடித்துவிடுங்கள். மற்ற நாளில் துணி போதும். பின்னால் கறுப்புத் துணி கட்டினால் வெளிச்சம் ஊடுருவாது. திரை கிழக்கே பார்க்கட்டும், அந்திச் செக்கர் முகப்பில் விழாது. ஏழேகாலுக்குத் தொடங்கலாம்.

16 அடிக்கு 9 அடித் திரைக்கு 3000 லூமென் வெளிச்சமுள்ள புரொஜெக்டர் போதும். சாதாரண லென்ஸ் என்றால் திரையிலிருந்து 24 அடி தள்ளி வையுங்கள். எல்லோரும் செய்யும் தப்பு, படத்தை அகலமாக இழுத்துத் திரையை நிரப்புவது. தமிழில் அகலத்திரையான சினிமாஸ்கோப் வந்ததே 1973-ல், ‘ராஜராஜ சோழன்’ படத்தோடு. அதற்கு முந்தைய பழைய படங்கள் பெரும்பாலும் கிட்டத்தட்ட 4-க்கு 3. இரண்டு ஓரமும் கறுப்பாக விட்டு 12 அடிக்குள் காட்டுங்கள். இழுத்தால் முகமெல்லாம் வீங்கித் தெரியும். அந்த நடிகருக்குச் செய்யும் அவமரியாதை அது.

ஒலிக்குத் திரையின் இரு பக்கமும் பெட்டி ஸ்பீக்கர் வையுங்கள். தெருமுனைக் குழாய்களை நிறுத்திவிடுங்கள். 100 மீட்டர் தள்ளி இருக்கும் குழாயின் ஒலி கால் நொடிக்கு மேல் பிந்தி வந்து வசனம் இரட்டையாகக் கேட்கும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்குள் முடியும்படி படத்தைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் உரிமை, வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. பாட்டுக்கும் இசைக்கும் கணக்கு வேறு, ஆக்கியவர் மறைந்த ஆண்டு முடிந்து 60. ஆகவே உரிமை யாரிடம் என்று விசாரித்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா சேர்த்து வைத்த சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் தொட்டாலே நொறுங்குகின்றன. லாமினேஷன் செய்யலாமா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: கூடாது. அந்தச் சூடும் பசையும் தாளோடு ஒட்டிக்கொண்டால் திரும்பப் பிரிக்க முடியாது. செல்லோ டேப்பும் சில வருஷத்தில் பழுப்புக் கறை விடும். துருப்பிடித்த பின்னை இழுக்காமல், நடுப்பக்கத்தில் மடங்கியிருக்கும் கால்களைத் தட்டையான கத்தியால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக எடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் போட்டோ எடுங்கள். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும் கதைச்சுருக்கப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். படமே அழிந்துபோனவற்றுக்குக் கதை எஞ்சியிருப்பது சில சமயம் அங்கே மட்டும்தான்.